தேய்ந்த பாகத்தைப் படியுங்கள்: பழைய காரின் சஸ்பென்ஷனைச் சீரமைக்கும் முறை

பழைய கார் ஒன்றைச் சீரமைக்கப் போகிறேன் என்று என்னிடம் வருபவர்கள் முதலில் பெயிண்டைப் பற்றித்தான் பேசுவார்கள். அதற்குப் பிறகு எஞ்சின். அடியில் கிடக்கும் சஸ்பென்ஷன் பாகங்கள், அதாவது ஸ்பிரிங், புஷ் (பாகங்கள் அசையும் இடத்தில் போடும் உறை), கிங் பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு முளை), ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது) எல்லாம் கடைசியில் "ஒரு செட் வரவழைத்து மாட்டிவிடலாம்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். நான் வேலையைத் தொடங்குவதே அங்கிருந்துதான். ஐம்பது அறுபது வருடம் ஓடிய வண்டி நேராகப் போகிறதா, திருப்பினால் திரும்புகிறதா, மிதித்தால் நிற்கிறதா என்பதெல்லாம் இந்தப் பாகங்களின் கையில் இருக்கிறது. இவை சரியாக இருந்தால் நாற்பது குதிரைத்திறன் வண்டியை ஓட்டுவதுகூட ஆனந்தம்.

புதிய பாகம் மாட்டுவது சிரமமே இல்லை. பழையது ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் மாட்டினால் புதியதும் அதே வழியில் தேயும். கிரீஸ் போகாமல் அடைத்துக்கொண்ட ஓட்டை, லேசாக வளைந்த சஸ்பென்ஷன் கை (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை), தொங்கும் நிலையில் இறுக்கப்பட்ட புஷ் என்று ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். அதனால் கழற்றும் வேலையையே நான் ஒரு பரிசோதனையாகச் செய்கிறேன். கழற்றிய எதையும், உடைந்த வாஷரைக்கூட, வண்டி மறுபடி ஓடும் வரை தூக்கிப் போடுவதில்லை.

ஸ்பேனரைத் தொடும் முன்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்றை அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு வையுங்கள். வண்டியை முன்னும் பின்னும் சில அடி தள்ளி உருட்டிவிட்டு விடுங்கள். இல்லையென்றால் டயரின் இழுவையே அளவைக் கெடுத்துவிடும். பிறகு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும் என்பதால்தான் மையத்திலிருந்து அளக்கச் சொல்கிறேன்.

ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அந்த மூலையின் ஸ்பிரிங்தான் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பின்பக்கம் இடதில் சாய்ந்திருப்பதற்கு முன்பக்க ஸ்பிரிங்கும் காரணமாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நட்ட நடுவில் ஒரே ஒரு ஜாக்கியை வைத்து முன்சக்கரங்கள் தரையை விடும் வரை தூக்குங்கள். இப்போது முன்ஸ்பிரிங் எதுவும் வண்டியைச் சாய்க்க முடியாது. பின்பக்கம் நேராகிவிட்டால் குறை முன்னால் இருக்கிறது. சாய்வு அப்படியே நின்றால் பின்னால் இருக்கிறது. அளந்து முடிந்ததும் இறக்கிவிடுங்கள். இந்த நிலையில் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

டயரையும் படிக்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நிற்கிறது என்றால் காற்றுக் குறைவு. ரப்பர் கட்டங்களின் ஓரம் ஒரு திசையில் தடவும்போது வழுக்கி, எதிர்த் திசையில் கையைக் கீறினால் டோ அளவு (இரு முன்சக்கரங்களும் முன்புறம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறு. ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் வேலை செய்யவில்லை, அல்லது பேரிங்கில் ஆட்டம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து வந்த டயர்களில் முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் பூ (தரையைத் தொடும் ரப்பர் வெட்டுகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு வண்டியைச் சாலைக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது ஆட்டப் பரிசோதனை. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை கீழே ஒரு கை பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் அது வீல் பேரிங். மறையவில்லை என்றால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட் (குண்டு வடிவ மூட்டு). பிரேக் பிடித்ததும் டிரம்மும் அதன் பின்தட்டும் ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் வெளியே தெரியாமல் போகிறது. அதற்கு உள்ளே இருப்பது மட்டும் ஆடும். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது வரும் ஆட்டம் டை ராட் எண்டிலோ (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு) ஸ்டீயரிங் பாக்ஸிலோ இருக்கும். ஸ்பிரிங் கீழ்க் கையில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் ஜாக்கியைக் கீழ்க் கைக்கு அடியில் வைத்துத் தூக்க வேண்டும். சட்டத்தில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பால் ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தேய்ந்ததைக்கூட நல்லது போலக் காட்டும்.

தூக்குவதும் கழற்றுவதும்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு. இதில் எந்தச் சமாதானமும் இல்லை. செங்கல், காலி ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டைத் துரு தின்ற தகட்டின் மேல் வைக்கும் முன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் அந்த இடம் எடையைத் தாங்காது.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்குப் பொறுமைதான் மருந்து. முதல் நாள் மாலையே வயர் பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்விடுங்கள். மறுநாள் காலை மறுபடி ஊற்றுங்கள். முதலில் லேசாக இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்புங்கள். அதற்கும் வராவிட்டால் நட்டைச் சூடாக்குங்கள். ஆனால் ரப்பர் புஷ், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் இருந்தால் நெருப்பு வேண்டாம், நட்டைப் பிளந்து எடுங்கள். ஒரு நட்டு போனால் போகட்டும்.

எந்த வகை மரை என்று பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. அங்குல அளவு கொண்ட யூஎன்எஃப், யூஎன்சி மரைகளுக்கும் மெட்ரிக் மரைகளுக்கும் கோணம் 60 பாகை. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த அந்த முறை பிரிட்டிஷ் வண்டிகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அரை அங்குல யூஎன்சியில் 13. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் முதல் இரண்டு சுற்று கையால் ஏறிவிடும்; மூன்றாவது சுற்றில் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மரை உரிந்துவிடும். மரை கேஜ் ஒன்று கையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மெட்ரிக் போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால், முதல் எண் இழுவலிமை 800 மெகாபாஸ்கல் என்பதையும், இரண்டாவது அதில் 80 சதவீதத்தில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதையும் சொல்கிறது. தலையில் எண்ணே இல்லாத போல்ட்டை சஸ்பென்ஷனில் போடவே கூடாது.

டை ராட் எண்டின் கூம்பைப் பிரிக்கக் கவட்டை போன்ற கருவியை அடித்து இறக்குபவர்கள் உண்டு. ரப்பர் உறை கிழிந்துவிடும். நட்டை இரண்டு மூன்று மரை மட்டும் விட்டுவைத்து, கை முனையில் இருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் பலமாக ஒரு தட்டு தட்டுங்கள். கண் ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். விட்டுவைத்த நட்டு, கை கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும்.

காயில் ஸ்பிரிங்கைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கிற்குள் ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான சக்தி இருக்கிறது. அந்த வண்டிக்கு ஏற்ற கம்ப்ரெஸரை ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பிரிங்கிற்குள் ஒரு சங்கிலியை விட்டுச் சட்டத்தோடு கட்டிவையுங்கள். தலையை அது பாயும் திசையில் வைக்காதீர்கள்.

டார்ஷன் பார் வண்டி என்றால் வேறு கவனம். மோரிஸ் மைனரின் முன்பக்கத்திலும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இந்த முறுக்குக் கம்பிதான் ஸ்பிரிங். இடது வலது மாறக் கூடாது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுக்கப்பட்டுப் பழக்கப்படுத்தியது. கழற்றும் முன் பெயிண்டால் குறி வையுங்கள். பஞ்ச் அடித்தோ அரத்தால் கீறியோ அடையாளம் போடக் கூடாது. முறுக்கிக்கொண்டே இருக்கும் கம்பியில் சின்னக் கீறல்கூட விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும். பீட்டிலின் பின் கம்பியில் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை, வெளியே ஒரு பல் எதிர்த் திசையில் நகர்த்தினால் 8 பாகைக்குச் சற்று மேல்; இரண்டையும் சேர்த்தால் ஒரு பாகைக்கும் குறைவான துல்லியத்தில் வண்டியின் உயரத்தைச் சரிசெய்ய முடிகிறது. இவ்வளவு எளிய யோசனையில் இத்தனை நுட்பமா என்று ஒவ்வொரு முறை கழற்றும்போதும் எனக்கு வியப்பாக இருக்கும்.

கழற்றிய பாகங்களை இடது, வலது என்று தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்தப் போல்ட்டுக்கு அடியில் இருந்ததோ அதே போல்ட்டில் கோர்த்துவையுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மின் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. நனைத்துத் துடைத்து, துணியை ஈரமாகவே பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கிங் பின்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் அதிகமான வண்டிகள் கெட்டுப்போவது இங்கேதான்.

கழற்றிய பின்னைத் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். தேய்மானம் ஒரே பக்கத்தில் பளபளப்பாக இருந்தால் அது எடை தாங்கிய பக்கம். வருடக்கணக்கான ஓட்டத்தின் இயல்பான தேய்மானம். சிவப்புத் துருவும் சொரசொரப்பும் இருந்தால் கிரீஸ் அங்கே போய்ச் சேரவே இல்லை. பெரும்பாலும் கீழ்ப் புஷ்தான் அதிகம் அடிபட்டிருக்கும். சேறும் தண்ணீரும் முதலில் ஏறுவது அங்கே. உடனே கிரீஸ் நிப்பிளைக் கழற்றி, அதன் ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். பழைய கிரீஸ் காய்ந்து கல்லாகி அடைத்திருக்கும். அல்லது முன்பு புஷ் மாற்றியவர், புஷ்ஷின் ஓட்டையை நிப்பிளின் ஓட்டைக்கு நேராக வைக்காமல் அடித்து இறக்கியிருப்பார். வெளியே வாரந்தோறும் கிரீஸ் அடித்தும் உள்ளே ஒரு துளிகூடப் போயிருக்காது.

புது பின்னும் புஷ்ஷும் வாங்கும் முன் ஆக்ஸிலின் கண்ணைச் சோதியுங்கள். பின் அந்தக் கண்ணில் ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும், திரும்புவது புஷ்ஷில்தான். கண்ணே தேய்ந்து பெரிதாகியிருந்தால் எத்தனை செட் புஷ் போட்டாலும் சக்கரம் ஆடும். அப்போது கண்ணைக் கடைந்து பெரிய அளவு பின் போடவோ உறை போடவோ வேண்டும். பலர் பார்க்கத் தவறும் இடம் இது.

வெண்கலப் புஷ்களை அழுத்தி இறக்கிய பிறகு ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகக் கடையும் கருவி) போட வேண்டும். மேல் புஷ்ஷுக்கும் கீழ்ப் புஷ்ஷுக்கும் ஒரே நேர்கோட்டில், ஒன்றைக் கடையும்போது ரீமரின் தண்டு மற்றதில் வழிகாட்டியாக உட்கார்ந்திருக்கும்படி கடைய வேண்டும். தனித்தனியாகக் கடைந்தால் ஒவ்வொன்றிலும் பின் அழகாகப் போகும். இரண்டிலும் சேர்த்துப் போட்டால் சிக்கும். எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த பெரியவர், "தம்பி, எண்ணெய் தடவி வை, கட்டைவிரலால் அழுத்து, நகரணும். தானா விழுந்தா தூக்கிப் போடு, சுத்தியல் கேட்டா இன்னும் கொஞ்சம் கடை" என்பார். மைக்ரோமீட்டரில் அது ஏறக்குறைய 0.02லிருந்து 0.05 மி.மீ. இடைவெளி வரும். இன்றைக்கும் முதலில் விரலால் பார்த்துவிட்டுத்தான் கருவியை எடுக்கிறேன்.

ஸ்டப் ஆக்ஸிலையும் (சக்கரம் உட்காரும் குட்டை அச்சு) அப்படியே மாட்டிவிடாதீர்கள். உள்பேரிங் உட்காரும் இடத்துக்குப் பின்னால் தண்டு பருமனாகும் வளைவில்தான் விரிசல் தொடங்கும். நன்றாகச் சுத்தம் செய்து, விரிசல் காட்டும் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி மருந்தைத் தெளித்துப் பாருங்கள். மயிரிழைச் சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தாலும் அந்தத் தண்டு இனி வண்டிக்கு உதவாது. வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

கிங் பின்னுக்குப் பதில் மரை போட்ட டிரனியன் (செங்குத்துத் தண்டு திருகியபடி திரும்பும் மூட்டு) உள்ள வண்டிகளில் கதையே வேறு. மோரிஸ் மைனரில் டிரனியனுக்குக் கிரீஸ். டிரையம்ஃப் ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் அதே இடத்துக்கு இபி 90 கியர் ஆயில். கிரீஸ் அங்கே மரையின் அடி வரை இறங்காது. தண்ணீர் தேங்கி, செங்குத்துத் தண்டு மரைப் பகுதியிலேயே துருப்பிடித்து ஒருநாள் முறியும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். எந்த வண்டியாக இருந்தாலும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி எடையை நீக்கிய பிறகே கிரீஸோ ஆயிலோ ஏற்றுங்கள். எடை அழுத்தும் பக்கத்தில் இடைவெளி திறந்தால்தான் மசகு உள்ளே போகும்.

லீஃப் ஸ்பிரிங்

பட்டை பட்டையாக அடுக்கிய இந்த ஸ்பிரிங்கின் மைய போல்ட்டைக் கழற்றும் முன் இருபுறமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிவையுங்கள். பட்டைகள் பிரிந்து துள்ளும். ஒவ்வொரு பட்டையையும் வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். குட்டைப் பட்டையின் நுனி மேல் பட்டையில் எங்கே அழுந்துகிறதோ அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகம் சிக்கும் அளவு ஆழமாக இருந்தால் பட்டையை மாற்றுங்கள், அந்தப் பள்ளத்தில்தான் அது உடையும். லேசாக இருந்தால் குட்டைப் பட்டையின் நுனியை அரத்தால் உருட்டிவிட்டு, பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்குங்கள். பழைய ஸ்பிரிங் கரகரவென்று கத்துவதும் கட்டை போல இறுகிக்கிடப்பதும் பட்டைகளுக்கு இடையே ஊறிய துருவினால்தான். அதைப் பார்த்துவிட்டு 'ஸ்பிரிங் ஹார்டாக இருக்கிறது' என்று மென்மையான ஸ்பிரிங் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சுத்தம் செய்தாலே பழைய மென்மை திரும்பிவிடும்.

வளைவு குறைந்து போயிருந்தால் ஸ்பிரிங் வேலை தெரிந்த பட்டறையில் கொடுத்து வளைத்து, மறுபடி வெப்பப் பதம் கொடுத்து வாங்குங்கள். கேஸ் டார்ச்சால் சூடாக்கி வளைத்த பட்டை பதம் இழந்து சில மாதத்தில் மறுபடி தொங்கிவிடும். இடது வலது இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்து வளைவின் உயரத்தை ஒப்பிடுங்கள். மாட்டும்போது மைய போல்ட்டின் தலை ஆக்ஸில் தட்டின் குழிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு போலக் குறுக்கே ஓடும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகள் புதிதாக வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டில் மறுபடி அதே பிடிப்பு வராது.

காயில் ஸ்பிரிங்கில் பார்ப்பது குறைவு: இரண்டின் நீளமும் ஒன்றா, துருக்குழி இருக்கிறதா, கடைசிச் சுற்று உடைந்திருக்கிறதா. உயரத்தைக் குறைக்கச் சுற்றை வெட்டாதீர்கள்.

ரப்பரா பாலியூரித்தேனா

பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் வரும், கூர்மையாகத் திரும்பும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் சாலையின் ஒவ்வொரு நடுக்கத்தையும் அது அறுபது வருடத்துத் தகட்டுக்குள் அனுப்பும். வெல்டிங் பிடித்த இடங்களுக்கு அது நல்லதில்லை. பந்தயத்துக்கு ஓட்டாத வண்டிக்கு நான் நல்ல ரப்பரையே போடுகிறேன். பாலியூரித்தேன் போடுவதாக இருந்தால் அதோடு வரும் சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள், இல்லையென்றால் கீச்சிடும்.

ரப்பர் புஷ்ஷில் பெட்ரோலிய எண்ணெயோ சாதாரண கிரீஸோ படக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். சில புஷ்களில் ஒரு பக்கம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் இறக்குங்கள். பழைய புஷ்ஷை நெருப்பு வைத்து எரித்து எடுப்பதை விட்டுவிடுங்கள். புகை நஞ்சு, சஸ்பென்ஷன் கையின் பதமும் கெடும். வெளி உறையை ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்து, உளியால் உள்நோக்கி மடக்கினால் தானாக வந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வண்டி தன் நான்கு சக்கரத்திலும் எடையோடு நின்ற பிறகே ரப்பர் புஷ்களின் போல்ட்டை இறுக்குங்கள். அந்தப் புஷ் சுழலாது. உள் உறை போல்ட்டோடும் வெளி உறை கையோடும் பிடித்துக்கொள்ள, நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் அசைகிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முழுதும் முறுக்கிய நிலையில் நின்றுவிடும். வண்டி உயரமாக நிற்கும், ஓட்டம் கடினமாக இருக்கும், சீக்கிரமே ரப்பர் கிழியும். புது புஷ் மட்டம் என்று பாகத்தின் மேல் பழி போடப்படும் பல வண்டிகளில் நான் கண்டது இதுதான்.

ஷாக் அப்சார்பர், பேரிங், ஸ்டீயரிங்

நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரை வைஸில் பிடித்து, அதன் நெம்புகோலை முழு வீச்சுக்கு மெல்ல அசையுங்கள். எதிர்ப்பு முதலிலிருந்து கடைசி வரை சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் வெறுமையாக விட்டுக்கொடுத்தால் உள்ளே காற்று. அதற்குரிய ஆயிலை ஊற்றி, அசைத்து அசைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். மூடியைத் திறக்கும் முன் சுற்றியிருக்கும் மண்ணைக் கழுவிவிடுங்கள், ஒரு மணல் உள்ளே விழுந்தால் வால்வு கெட்டுவிடும். தண்டே பக்கவாட்டில் ஆடினால் ஆயில் மாற்றிப் பயனில்லை. புஷ் போட்டுத் திரும்பக் கட்டியதை வாங்குங்கள். குழாய் வகையாக இருந்தால் மாட்டும் முன் நேராக நிறுத்தி நான்கைந்து முறை முழுதும் இழுத்து அழுத்துங்கள்.

பேரிங்கைக் கழுவி, உருளைகளைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். நீலமோ வைக்கோல் நிறமோ ஏறியிருந்தால் சூட்டில் வெந்தது. ஓடுபாதையில் சம இடைவெளியில் பள்ளங்கள் இருந்தால் அடியோ அதிர்வோ பட்டது. காற்றடித்துச் சுழற்றி உலர்த்தாதீர்கள். கூம்பு உருளை பேரிங்கில் ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் உட்கார்ந்ததும் பின்வாங்கி, டயல் கேஜில் மிகச் சிறிய ஆட்டம் தெரியும்படி விட வேண்டும். ஸ்பேசரும் ஷிம்மும் உள்ள ஹப்பில் அளவை ஷிம்தான் தீர்மானிக்கும். அங்கே நட்டைப் பின்வாங்கக் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது.

ஸ்டீயரிங் பாக்ஸ் அதிகம் தேய்வது நேராக ஓடும் நிலையில், ஏனென்றால் வாழ்நாளின் பெரும்பகுதியை அது அங்கேதான் கழிக்கிறது. அதனால் சரிசெய்யும் ஸ்க்ரூவைச் சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் திருப்புங்கள். பிறகு இரு பக்கமும் முழுதும் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் இறுகினால் நடுவில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் விட்டே ஆக வேண்டும், அல்லது உள்ளே பாகம் மாற்ற வேண்டும். பாக்ஸைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் அந்த இடத்துத் தகட்டில் விரிசல் உண்டா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (எஞ்சின் சக்தியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டு செல்லும் தண்டு) நடுவில் பிரிக்கும் முன் இரண்டு பாதியிலும் பெயிண்டால் ஒரே கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரு முனையின் கவட்டைகளும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் வண்டி அதிரும்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் மட்டும் மாற்றுவது வீண், துருப்பிடிக்காத எஃகு உறை போடச் செய்யுங்கள் அல்லது புதிது வாங்குங்கள். வளையும் ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டு, ஒரு சக்கரம் மட்டும் விடாமல் பிடிப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். டாட் 4 பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 155க்கு இறங்கலாம், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கான் வகை டாட் 5ஐ இதோடு கலக்கக் கூடாது. பிரேக் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், ரப்பர் ஊதும்.

பூச்சு

பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும். ஆனால் போல்ட் தலை உட்காரும் இடத்திலும் இரும்போடு இரும்பு சேரும் முகத்திலும் அது இருக்கக் கூடாது. தடித்த பூச்சு அழுந்த அழுந்த போல்ட்டின் பிடிப்பு தளர்ந்துவிடும். அந்த இடங்களை மறைத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். ஸ்பிரிங், டார்ஷன் பார், 10.9க்கு மேற்பட்ட போல்ட் இவற்றை அமிலத்தில் ஊறவைத்துத் துரு எடுப்பதும், சாதாரண ஜிங்க் முலாம் போடுவதும் வேண்டாம். எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் ஒருநாள் பட்டென்று முறியும். வயர் பிரஷ், துரு தடுக்கும் பிரைமர், அதன் மேல் நல்ல எனாமல். ஸ்பிரிங்கிற்கு இது போதும்.

இறக்கி இறுக்கி ஓட்டுவது

எல்லாவற்றையும் கோர்த்து, புஷ் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் மட்டும் விட்டு வண்டியை இறக்குங்கள். இருக்கைகளையும் பெட்ரோலையும் எஞ்சினையும் வைத்த பிறகே உண்மையான எடை வரும். நான்கு மூலையையும் அமுக்கி அமுக்கி விடுங்கள், முன்னும் பின்னும் உருட்டுங்கள், பிறகு டார்க் ரென்ச்சில் இறுக்குங்கள். புத்தகத்தில் சொல்லும் அளவு பொதுவாக உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் தடவிய மரையில் அதே அளவு இறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். இறுக்கிய ஒவ்வொன்றிலும் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு இருபுறமும் ஒரே நேரில் இருக்கிறதா என்று பார்த்தாலே பிற்பாடு தளர்வு தெரிந்துவிடும்.

டோ அளவை நூல் கட்டியே பார்க்கலாம். வண்டியின் இரு பக்கமும் ஸ்டாண்டுகளில் நூலை, முன்பின் ஹப்புகளின் மைய உயரத்தில், வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக இழுத்துக் கட்டி, முன்சக்கர ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளங்கள். முன் பின் டிராக் அகலம் (இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) பல பழைய வண்டிகளில் ஒன்றாக இருக்காது; அந்த வித்தியாசத்தில் பாதியை ஒவ்வொரு பக்கமும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். தொழிற்சாலை சொன்ன டோ அளவு பழைய கிராஸ் பிளை (நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போன) டயருக்கானது என்றால், ரேடியல் போட்ட வண்டியில் அதன் குறைந்த எல்லையிலேயே வைக்கிறேன்.

முதல் ஓட்டம் மெதுவாக, அதிக வண்டி வராத சாலையில். பத்து கிலோமீட்டர் கழித்து நிறுத்தி நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் பிடிப்பு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். நூறு கிலோமீட்டருக்குப் பிறகு யூ போல்ட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சில் பாருங்கள், பட்டைகள் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஐந்நூறில் மறுபடி ஒருமுறை. அந்த நேரத்துக்குள் புது ஸ்பிரிங்கும் உட்கார்ந்துவிடும் என்பதால் உயரத்தையும் டோ அளவையும் திரும்ப எடுங்கள், கிங் பின்களைத் தூக்கி வைத்து, மேலும் கீழும் புதிய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை ஏற்றுங்கள்.